ஒருவர் பறக்க எத்தனை பேர் ரோட்டில்?

கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். பெட்ரோல் வேண்டாம், சத்தம் இல்லை, காற்று மட்டும் போதும் என்பார்கள். கேட்க நல்லா இருக்கு. ஆனால் கிளைடர் போட்டிகளின் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், அதில் வானத்தைவிட ரோட்டுத்தான் அதிகம். எஞ்சின் இல்லாததால் போட்டி நடக்கிற இடத்துக்கு அது தானாகப் பறந்து போகாது. இறக்கைகளைக் கழற்றி, நீளமான ட்ரெயிலரில் படுக்க வைத்து, காருக்குப் பின்னால் கொழுவி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் இழுத்துக்கொண்டு போகணும். சில நேரம் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர். போட்டிக்கு நடுவிலும் ரோட்டுத்தான். காற்று எங்கே கைவிடுதோ அங்கே கிளைடர் இறங்கும். யாரோ ஒருவர் தேடிப் போய் ஏற்றிக்கொண்டு வரணும்.

அந்த யாரோ ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஊவாத் தோட்டமொன்றில் வளர்ந்து, இப்போது பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிற எனக்கு இந்த விளையாட்டில் ஆர்வம் வந்ததே அந்த இடத்தில்தான். பறந்தவரின் பெயர் பதிவாகும். இழுத்தவரின் பெயர் பதிவாகாது. மலைநாட்டில் இது நமக்குப் புதுசா என்ன?

மலை எங்கே இருக்கு, ஆள் எங்கே இருக்கிறார்

தூரப் பிரச்சினை கிளைடரோடு சேர்ந்தே பிறந்தது. ஜேர்மனியின் ஒட்டோ லிலியந்தால் 1891 முதல் தானே செய்த இறக்கைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு குன்றுகளிலிருந்து குதித்துப் பறந்தார். அவருடைய வீடும் பட்டறையும் பேர்லினில். நல்ல குன்றுகள் இருந்ததோ ரீனோவ், ஸ்டெல்ன் பக்கம், நகரத்திலிருந்து வெகு தூரத்தில். ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் போவது சிரமம் என்று 1894இல் வீட்டுக்குக் கிட்டவே 15 மீற்றர் உயரத்துக்கு மண்ணைக் குவித்து ஒரு செயற்கைக் குன்றையே கட்டினார். மலைக்குப் போக முடியாதவர் மலையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்! ஆனாலும் உயரம் காணாமல் மறுபடி தூரத்துக் குன்றுகளுக்கே போனார். 1896 ஆகஸ்ட் 9ஆம் திகதி அங்கேதான் விழுந்தார். மறுநாள் இறந்தார். விழுந்தபோது பக்கத்தில் நின்றவர் அவருடைய மெக்கானிக் பவுல் பைலிஷ். லிலியந்தாலுக்கு அருங்காட்சியகமும் சிலைகளும் உண்டு. பைலிஷின் பெயரைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் மெனக்கெடணும்.

முறையான போட்டி என்று ஆரம்பித்தது 1920இல். முதலாம் உலகப்போரில் தோற்ற ஜேர்மனி விமானப்படை வைத்திருக்கக் கூடாது என்று வேர்சாய் ஒப்பந்தம் சொன்னது. விமானங்களும் விமான எஞ்சின்களும் செய்வதற்கும் ஒரு காலத்துக்குத் தடை. எஞ்சின் இல்லாவிட்டால் எஞ்சின் இல்லாமலே பறப்போம் என்று மாணவர்கள் கிளம்பினார்கள். 'ஃப்ளுக்ஸ்போர்ட்' என்ற சஞ்சிகையின் ஆசிரியர் ஒஸ்கார் ஊர்சினுஸ் அழைப்பு விட, ரோன் மலைத்தொடரில் 950 மீற்றர் உயரமான வாசர்குப்பே என்ற மொட்டை மலையில் முதல் போட்டி நடந்தது. மலையடிவாரத்துக் கெர்ஸ்ஃபெல்ட் ஊர் வரைதான் ரயில். அதற்கு மேலே வண்டியும் தோளும். வந்தவர்களில் ஒருவன் 14 வயதுப் பையன். பேர் பீட்டர் ரீடல். தானே செய்த கிளைடரோடு வந்திருந்தான்.

அந்த வருசம் வென்றது ஆகன் தொழில்நுட்பக் கல்லூரிக் குழுவின் 'கறுப்புப் பிசாசு'. ஓட்டியவர் வொல்ஃப்காங் கிளெம்பெரர். வானத்தில் நின்ற நேரம் 2 நிமிடம் 22 செக்கன். போன தூரம் 1,830 மீற்றர். அவ்வளவுதான். அந்த இரண்டு நிமிடத்துக்காக எத்தனை நாள் பயணம், எத்தனை பேர் உழைப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

அன்றைய கிளைடரைக் கிளப்பும் முறையே பல பேருடைய வேலை. மூக்கில் ஒரு கொக்கி. அதில் நீளமான ரப்பர் கயிறு. கயிற்றின் இரண்டு முனைகளையும் நாலைந்து பேராகப் பிடித்து, கவட்டைக் கம்பு மாதிரி இரு பக்கமும் விரிந்து சரிவில் இறங்குவார்கள். இன்னும் சிலர் பின்னால் வாலைப் பிடித்து நிற்பார்கள். மூன்று கட்டளை: இழு, ஓடு, விடு. கவண் கல் மாதிரி கிளைடர் பாயும். ஓடியவர்கள் புல்லில் விழுந்து கிடப்பார்கள். பிறகு எல்லாரும் எழும்பி, கீழே இறங்கிய கிளைடரைத் தூக்கிக்கொண்டு மறுபடி மலையேறணும். ஒருவர் பறக்கப் பத்துப் பேர் ஓடினார்கள் என்பது மிகைப்படுத்தல் இல்லை, கணக்கு.

பறக்கும் தூரம் கூடக் கூட

1922இல் ஹனோவர் மாணவர்கள் கட்டிய 'வாம்பயர்' ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வானத்தில் நின்றது. சரிவில் மோதுகிற காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. அந்த மேலெழும் காற்றில் கிளைடர் அங்குமிங்குமாகப் போய்வந்து மிதக்கலாம். இப்படி மிதக்கிற வரைக்கும் கிளைடர் மலையை விட்டு அகலாது. பறந்து முடிந்தால் அதே மலையடியில் இறங்கும்.

1920களின் கடைசியில் நிலைமை மாறியது. வெயிலில் சூடான நிலத்திலிருந்து எழும்புகிற வெப்பக் காற்றைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். பருந்து வட்டமடிக்கிறதே, அதேதான். ஒரு வெப்பக் காற்றில் சுழன்று ஏறி, அடுத்ததை நோக்கிச் சறுக்கி, மறுபடி ஏறி, இப்படியே நூறு கிலோமீற்றருக்கு மேல் போக முடிந்தது. போட்டியே 'யார் அதிகத் தூரம் போறது' என்று மாறியது. வானத்தில் தூரம் கூடினால் ரோட்டிலும் கூடத்தானே வேணும்? போனவரைத் திரும்பக் கொண்டு வரணுமே. ட்ரெயிலர் இந்த விளையாட்டின் பாதியாக ஆனது அப்போதுதான்.

அமெரிக்காவின் தேசிய கிளைடர் போட்டி 1930இல் நியூயோர்க் மாநிலத்து எல்மைராவில் ஆரம்பித்தது. ஆனால் பேர்போன கிளைடர் சிற்பி ஹோலி பௌலஸ் இருந்ததோ நாட்டின் மறுகரையில், கலிபோர்னியாவில். நடுவில் 4,000 கிலோமீற்றருக்கு மேல் தரைவழி. அகலமான அதிவேக நெடுஞ்சாலைத் திட்டம் அமெரிக்காவில் சட்டமானதே 1956இல். அதற்கு இருபது வருசத்துக்கு முந்திய காலம் இது. பௌலஸின் பட்டறையில் உருவான 'அல்பட்ரொஸ்' கிளைடரில்தான் ரிச்சர்ட் டூபொன்ட் 1934இல் எல்மைராவில் சம்பியன் ஆனார்.

அதே 1934இல் பௌலஸ் இன்னொன்றும் செய்தார். அலுமினியத் தகடுகளை ஆணியடித்து இணைத்து, இறக்கையில்லாத விமான உடல் மாதிரி ஒரு ட்ரெயிலர் வீடு. அதன் பெயர் 'ரோட் சீஃப்'. உள்ளே படுக்கலாம், சமைக்கலாம். அவருடைய கொம்பனி ரெண்டு வருசத்தில் மூடப்பட்டது. 1936இல் வாலி பயம் என்பவர் அதே வடிவத்தைப் பின்பற்றித் தன்னுடைய 'எயார்ஸ்ட்ரீம் கிளிப்பரை' விற்க ஆரம்பித்தார். இன்றைக்கும் அமெரிக்க ரோட்டுகளில் பளபளக்கிற எயார்ஸ்ட்ரீம் வண்டிகளின் மூதாதை ஒரு கிளைடர்காரர் கையால் செய்தது. வானத்துக்காகக் கற்ற வித்தை ரோட்டுக்கு இறங்கிய கதை.

பிரித்தானியாவின் பிலிப் வில்ஸ் 1952இல் ஸ்பெயினில் உலகச் சம்பியன் ஆனார். அவருக்குப் பல வருசம் தரைக்குழுத் தலைவியாக இருந்தவர் மனைவி கிட்டி வில்ஸ். தரைக்குழு என்றால் சும்மா கை காட்டி அனுப்புகிற வேலை இல்லை. கிளைடர் எந்தத் திசையில் போகும் என்று மேகத்தைப் பார்த்து ஊகித்து, அதே திசையில் ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு ஓட்டணும். கார்களில் வானொலி இல்லாத காலத்தில், விமானி ஒரு வயலில் இறங்கி, கிட்ட இருக்கிற வீட்டில் தொலைபேசியைத் தேடி, போட்டித் தளத்துக்குச் சொல்வார். தரைக்குழு வழியில் ஊருக்கு ஊர் நிறுத்தித் தளத்தைக் கேட்கும். இரவில் இடத்தைக் கண்டுபிடித்து, டோர்ச் வெளிச்சத்தில் இறக்கையைக் கழற்றி ஏற்றி, விடியுமுன் தளத்துக்குத் திரும்பணும். ஏனென்றால் காலையில் அடுத்த நாள் போட்டி. விமானி பின் சீட்டில் தூங்குவார். ஓட்டுறவர் தூங்க முடியாது. இந்த வேலையைப் பெரும்பாலும் மனைவிமாரும் நண்பர்களும் சம்பளமில்லாமல் செய்தார்கள்.

இந்தத் தூரத்தின் ஒரு உச்சம் 1972 ஏப்ரல் 25. ஹான்ஸ்-வேர்னர் குரோஸ வட ஜேர்மனியின் லூபெக்கில் கிளம்பி, ஒரே பகலில் பிரான்ஸின் தென்மேற்கு மூலையில் பியாரிட்ஸில் இறங்கினார். நேர்கோட்டில் 1,460 கிலோமீற்றர். அன்றைய உலக சாதனை. கிளைடரை வீட்டுக்குக் கொண்டுவருகிற ரோட்டோ நேர்கோடு இல்லை. போட்டிகளோ மெல்ல மெல்ல முக்கோணப் பாதைக்கு மாறின. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரணும், யார் வேகம் என்பதுதான் கேள்வி. மீட்டு வரும் பயணத்தின் பாரமும் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். ரோட்டில் இருந்தவர்களின் களைப்பு ஒரு விளையாட்டின் விதியையே மாற்றியது என்று இதை வாசிக்கலாம்.

ஒரு கசப்பான பக்கமும் உண்டு. மறைக்கக் கூடாது. மாணவர்கள் சேர்ந்து, காசு போட்டு, கையால் கட்டிய அந்தச் சங்கங்களை 1933க்குப் பிறகு நாஜி அரசு விழுங்கியது. சுயாதீனச் சங்கங்கள் கலைந்து அரச அமைப்புக்குள் போயின. ஹிட்லர் இளைஞர் அமைப்பில் கிளைடர் பயிற்சி வந்தது. தடை செய்யப்பட்ட விமானப்படைக்கு விமானிகள் அங்கிருந்தும் வந்தார்கள். 1940 மே 10ஆம் திகதி பெல்ஜியத்தின் எபென்-எமாயல் கோட்டைமேல் சிப்பாய்கள் இறங்கியதும் கிளைடர்களில்தான். ஓடிக் கயிறிழுத்த பையன்களின் கூட்டுழைப்பை ஒரு அரசு எப்படித் தன்னுடையதாக்கும் என்பதற்கு இது ஒரு பாடம்.

அசுவினி, பரணி, கார்த்திகை

நம்ம பக்கம் வருவோம். இந்தியாவில் சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப நிலையம் 1950களின் இறுதியிலிருந்து சொந்தமாகக் கிளைடர்களை வடிவமைத்தது. பெயர்களைக் கேளுங்கள்: அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர், ஆர்த்ரா. பஞ்சாங்கத்து நட்சத்திர வரிசை அப்படியே! வடிவமைத்தவர்களில் எஸ். ராமாமிர்தம், கே. பி. கணேசன் என்ற பெயர்கள் இருக்கின்றன. வெளிநாட்டுக் கிளைடரை வாங்கி வைக்காமல், உள்ளூர் மரத்தில், உள்ளூர்ச் சங்கங்கள் பழுதுபார்க்கக் கூடிய மாதிரி செய்ய நினைத்த காலம் அது.

இலங்கைத் தமிழருக்கு இதற்கு மிக நெருங்கிய சொந்தம் பட்டம்தான். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கிற பட்டப் போட்டியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கப்பல், பறவை, தேர் என்று ஆளைவிடப் பெரிய பட்டங்கள். அவற்றை உடையாமல் கடற்கரைக்குக் கொண்டு வருவதே ஒரு தனிக் கலை. ஏற்றும்போது வாசர்குப்பே காட்சியேதான்: கயிற்றோடு ஓடுகிற கூட்டம், தூக்கிப் பிடிக்கிற கூட்டம், பின்னால் நின்று கத்துகிற கூட்டம். பரிசு பட்டத்துக்கு. ஆனால் கயிற்றில் கை எரிந்தவர்கள் பத்துப் பேர்.

ஊவாவில் காற்றும் ரோட்டும்

ஊவாவில் உயரத்துக்குப் பஞ்சமில்லை. வாசர்குப்பே 950 மீற்றர்தான். ஹப்புத்தளை நகரமே 1,400 மீற்றருக்கு மேல். நமுனுகுல 2,036 மீற்றர். காற்றுக்கும் பஞ்சமில்லை. ஆடி, ஆவணியில் தென்மேல் பருவக் காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம்ம பக்கம் காய்ந்த காற்றாக இறங்கும். அந்தக் காய்ந்த காற்றால்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசம், உலகச் சந்தையில் அந்தத் தனி விலை. கச்சான் காற்றை நாங்கள் லயத்துத் தகரத்தின் சத்தமாக அறிவோம். வெளிநாட்டில் அதே காற்றைத் தேயிலையின் சுவையாக அறிவார்கள்.

ரோட்டுக் கதை வேற. பதுளை நகரில் சென் மார்க் தேவாலயம் இருக்கிறதே, அது மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸின் நினைவாகக் கட்டியது. பதுளையின் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். ஆயிரத்துக்கும் மேலே யானைகளைச் சுட்டவர். 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய பதவியும் இறந்த விதமும் கல்வெட்டில் எழுதியிருக்கு. அந்தக் காலத்தில் கல்லை உடைத்து இந்த மலைகளில் ரோட்டு வெட்டியவர்களுக்கோ கல்வெட்டு இல்லை.

நம்ம பாட்டன், பூட்டிகள் வந்ததும் தூர ரோட்டால்தான். இராமநாதபுரக் கரையில் ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலை ஏறி ஊவாவுக்கு. காலராவில், பசியில் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தலைமன்னாருக்கு ரயிலும் கப்பல் சேவையும் வந்தது 1914இல். ரயில் பண்டாரவளைக்கு வந்தது 1894இல், பதுளைக்கு வந்தது 1924இல். நடுவில் முப்பது வருசம். அத்தனை வருசமும் பதுளை, பசறைப் பக்கத்துப் பெட்டிகள் ஸ்டேசனுக்குப் போனது மாட்டு வண்டியிலும் மனுசத் தலையிலும். சில தோட்டங்களில் கொழுந்துச் சாக்கைக் கம்பியில் மாட்டி விடுவார்கள். அது பள்ளத்தாக்குக்கு மேலால் எஞ்சின் இல்லாமல் ஸ்டோருக்குச் சறுக்கும். நம்ம மலையில் முதலில் பறந்தது கொழுந்துச் சாக்கு. அதை நிரப்பிய அம்மா நடந்துதான் இறங்கினார்.

இது பழைய கதை மட்டுமா? உயர்தரம் படிக்கும்போது எங்கள் பாடசாலை நாடகக் குழு கொழும்பில் ஒரு அகில இலங்கைப் போட்டிக்குத் தெரிவானது. ஒன்பது பிள்ளைகள். மூங்கிலிலும் கடதாசியிலும் செய்த ஒரு மலையும் எங்களோடு வரணும். அதை வேனுக்கு மேலே கட்டி, பொலித்தீன் சுற்றி, இரவு எட்டு மணிக்குக் கிளம்பினோம். தங்க இடம் எடுக்கக் காசில்லை. அதனால் இரவெல்லாம் ஓடி, காலையில் பொதுக் கழிப்பறையில் முகம் கழுவி மேடை ஏறினோம். வேன் காசு அந்த மாதச் சம்பள நாளில் பெற்றோர் சேர்த்தது. மூன்றாம் இடம் கிடைத்தது. சான்றிதழில் எங்கள் ஒன்பது பேர் பெயரும் இருக்கு. தூங்காமல் ஓட்டின வேன் அண்ணா பெயர் இல்லை. பெரகலை வளைவுகளில் அவர் தூங்காமல் இருக்கவேண்டும் என்று விடிய விடியக் கதைத்துக்கொண்டே வந்த டீச்சர் பெயரும் இல்லை. கொழும்புக் குழுக்கள் சொந்த வீட்டில் தூங்கி எழும்பி வந்திருந்தன. ஒரே மேடை, ஒரே நடுவர். ஆனால் போட்டி மேடையில் ஆரம்பிக்கவில்லை. பதுளையில் இரவு எட்டு மணிக்கே ஆரம்பித்துவிட்டது.

கிளைடர் வரலாறு எனக்கு உதவுவது இந்த இடத்தில்தான். 'திறமை இருந்தால் யாரும் மேலே போகலாம்' என்று சொல்வார்கள். காற்று எல்லாருக்கும் பொது என்று சொல்வது மாதிரி. காற்று பொதுதான். ட்ரெயிலர் பொதுவா? கார் பொதுவா? பகல் முழுக்கப் பின்னால் ஓட்டிவர ஆள் இருக்கா? டூபொன்ட் அமெரிக்காவின் பெரும் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் 1920இல் வாசர்குப்பேக்கு வந்தவர்கள் கையில் காசில்லாத மாணவர்கள். அவர்கள் சமாளித்தது எப்படி? சேர்ந்து. ஒரு கிளைடரைப் பத்துப் பேர் கட்டினார்கள், முறை வைத்துப் பறந்தார்கள், முறை வைத்து இழுத்தார்கள். இன்று கயிறு இழுப்பவர் நாளைக்கு உள்ளே உட்காருவார். டார்ம்ஸ்டாட், ஹனோவர், ஆகன் பல்கலைக்கழகங்களில் அந்த மாணவர் பறப்புக் குழுக்கள் நூறு வருசம் கழிந்தும் இயங்குகின்றன. இன்னும் மாணவர்களே வடிவமைத்து, மாணவர்களே கட்டுகிறார்கள்.

தோட்டத்தில் விடுபட்டது இந்த முறை மாற்றம்தான். இழுத்தவர்களுக்கு உள்ளே உட்காரும் முறை வரவே இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கயிறு ஒரே கைகளில் இருந்தது.

2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் கிளம்பி ஆகஸ்ட் 12இல் மாத்தளைக்கு வந்து சேர்ந்த மலையகம் 200 நடைபயணம் எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். அந்த நடை பெயரில்லாதவர்களின் ரோட்டை அதே ரோட்டில் வைத்து நினைவுபடுத்தியது. ஆனால் 16 நாளோடு அது முடியக் கூடாது. மாத்தளைக்குப் பிறகும் ரோட்டு இருக்கு. பேராதனையில் ஆரம்பிக்கிற ஏ5 வீதி நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை என்று செங்கலடி வரை போகிறது. அதிலிருந்து பிரிகிற ஒவ்வொரு தோட்டத்து ரோட்டுக்கும் ஒரு கதை உண்டு.

நம்ம கையில் இருக்கிற வேலை சின்னது, செய்யக் கூடியது. உங்கள் தோட்டத்தில் எண்பது வயசு தாண்டின தாத்தாவோ அம்மாச்சியோ இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தத் தோட்டத்து ரோட்டை யார் வெட்டினார்கள் என்று உங்கள் பெரியவர்கள் சொன்னார்கள்? முதல் லொறியை ஓட்டினது யார்? பிள்ளைகளை முதன்முதலில் வெளியூர்ப் போட்டிக்கோ பரீட்சைக்கோ கூட்டிக்கொண்டு போனது யார், எதில், யார் காசில்? பதில்களைத் திகதியோடு எழுதி வையுங்கள். பெயர் கட்டாயம் எழுதுங்கள்.